தலைவரைப் படியிறக்கிய பெரியம்மா

பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் சத்தமே இருக்காது. ஆபத்தே அதுதான். கத்துகிறவர்களை நம்பலாம்; கத்தி முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு மறந்துபோவார்கள். பெரியம்மா கத்தமாட்டாள். கேட்டதை உள்ளே வாங்கி, மடித்து, அடியில் வைத்துவிடுவாள். எதிராளி சுத்தமாக மறந்துபோன ஒருநாளில் வெளியே எடுத்து உதறுவாள். “இன்னுமா அதை நினைச்சிட்டிருக்கே?” என்று என் அம்மா கேட்டால், “மறக்கிறதுக்கு நான் என்ன மாத்திரையா சாப்பிடுறேன்?” என்பாள்.

அவளுக்கு வேலை கடைத்தெரு முனையில் இருக்கும் டாக்டரின் கிளினிக்கில். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே வந்து நின்று பார்க்கலாம். யாரை முதலில் விடுவது, யாரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பது, எந்த ஆள் உள்ளே போனால் டாக்டரிடம் தன் மருமகளின் கதையையும் சேர்த்துச் சொல்வான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டாக்டர் டீ குடிக்க எழுந்திருக்க வேண்டுமானால்கூடப் பெரியம்மா மனசு வைக்க வேண்டும்.

ஒருமுறை பாத்திரக்கடைக்காரர் காதுவலியோடு வந்தார். அவர் கடைக்கு நாங்கள் எப்போதோ போயிருந்தபோது, “வண்டியைக் கொஞ்சம் வெளிய நிறுத்துங்கம்மா, யாவாரம் நடக்கிற எடம்” என்று சொன்னவர். வண்டி என்று அவர் சொன்னது அக்கா உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை. அதில் அக்காவும் இருந்தாள் என்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். பெரியம்மா அவரை வாங்க வாங்க என்று வரவேற்று, ஒரு பக்கம் விடாமல் இருமும் தாத்தா, மறுபக்கம் விடாமல் அழும் குழந்தை, நடுவில் அவர் என்று உட்காரவைத்தாள். “அடுத்தது நீங்கதான்” என்று அன்று மதியம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். உயிர்போகிற வலி இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவள் ரொம்ப நியாயஸ்தி.

அக்கா என்பது பெரியம்மாவின் ஒரே மகள். பிறந்ததிலிருந்து கால் நிற்காது. பேச்சு வரும், ஆனால் மெதுவாக வரும். ஒவ்வொரு சொல்லும் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புகிற மாதிரி. கைவேலை மட்டும் படுசுத்தம். வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாரையும் வேலை வாங்குவாள். பெரியப்பா இல்லை. அவளுக்குத் தங்கை முறையான நானும் என் அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துப் பிரிந்துவிட்டதால், நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதும் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவதும் என் உத்தியோகம்.

நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அக்கா மாதிரி ஆட்களுக்கு ஒரு பகல் மையம் இருந்தது. தெருவிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அங்கே அக்கா தலையணை உறை தைத்தாள், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், கேரம் பலகையில் ஒருத்தரையும் ஜெயிக்க விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யார் யாரோடு சண்டை என்பதை எங்களிடம் சொல்லி முடிக்க இரவுச் சாப்பாடு நேரம் ஆகிவிடும்.

நகராட்சிக்குப் புதுத் தலைவர் வந்தார். கீழே பார்வையாகக் காற்றோட்டமாக ஒரு அறை இருப்பதைப் பார்த்தார். அதை விருந்தினர் கூடமாக்கி, தொட்டால் கை புதைகிற சோபாக்களைப் போட்டு, மையத்தை மாடிக்கு ஏற்றிவிட்டார். லிஃப்ட் கிடையாது. கால் இல்லாதவர்களைப் படி ஏறச் சொன்ன உலகத்தின் முதல் அறிவாளி அவர்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் விசாரித்தால் இன்னும் நிறையப் பேர் கிடைப்பார்கள்.

பெரியம்மா அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினாள். பின்னால் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. ஒரு காலையில் படி திரும்புகிற இடத்தில் பெரியம்மாவுக்குக் கால் வழுக்கியது. அக்காவை விடவில்லை, ஆனால் அக்காவின் நெற்றி கைப்பிடிச் சுவரில் இடித்து ரத்தம் வந்தது. அப்போது மேலே தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த தலைவர் குனிந்து பார்த்தார். இறங்கி வரவில்லை. அவருக்கு முட்டிவலி.

“எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? வீட்லயே வச்சுப் பாத்துக்கலாமே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

பெரியம்மா முந்தானையால் அக்காவின் நெற்றியை அழுத்திக்கொண்டு திரும்ப இறங்கினாள். அன்றைக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உள்ளூர ஜாலியாக இருந்தது. ஒரு ஆள் தொலைந்தார் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அக்காவின் அமைதி வேறு மாதிரி. அவள் மையத்துக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். தன் அம்மாவுக்கு இன்னொருமுறை கால் வழுக்கக்கூடாதாம். ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்கனவே மெதுவாக வருகிற பேச்சை இன்னும் குறைத்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே கேரமில் திருட்டாட்டம் ஆடினேன். அதைக்கூட அவள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தும் விட்டுவிட்டாளோ என்னவோ. எனக்கு அன்றைக்குத்தான் தலைவர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

மாதத்தில் ஒருநாள் நகராட்சியில் குறைகேட்பு நாள். ‘உங்கள் குறையை நானே நேரில் கேட்பேன்’ என்று தேர்தலின்போது தலைவர் எழுதவைத்தது கட்டடச் சுவரில் இன்னும் ஆளுயரத்துக்கு இருக்கிறது. பெரியம்மா தனியாகப் போய், மையத்தைக் கீழே கொண்டுவரச் சொல்லி மனு கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கொடுத்தால்தான் மனு, அம்மாக்கள் வந்து கண்ணீர் விட்டால் அது கணக்கில் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பினார். பெரியம்மா கல்யாணத்திலேயே கண்ணீர் விடாதவள் என்று என் அம்மா சொல்வாள். அந்தச் சிரிப்பும் அடியில் போய்ச் சேர்ந்தது.

பிறகு அவள் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் பேச ஆரம்பித்தாள். மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணனின் பையனுக்குக் காது கேட்காது, கையாலேயே பேசுவான். தையல்கார அம்மாவின் மகனுக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொல்ல வரும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஏழெட்டு வீடு. எல்லாரிடமும் பெரியம்மா ஒன்றைத்தான் சொன்னாள்: நாம் தனித்தனியாக வீட்டுக்குள் புலம்புவது தலைவருக்கு வசதி.

அடுத்த குறைகேட்பு நாளில் எல்லாரும் ஒன்றாகப் போய் படிக்குக் கீழே நின்றோம். அங்கேதான் தப்புச் செய்தோம். தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை இறங்கி வந்தார். எல்லார் மனுவையும் ஒரே கட்டாக வாங்கினார். போட்டோக்காரரைக் கூப்பிட்டு நடுவில் நின்றார். நிற்கும்போது அக்காவின் தலையைத் தடவினார். என்னைவிட எட்டு வயது மூத்தவள் அக்கா. அவளிடம் ஒரு நாய்க்குட்டிகூட அப்படி உரிமை எடுத்துக்கொள்ளாது. படம் பேப்பரில் வந்தது. கீழே, தலைவரின் கருணை உள்ளம் பற்றி நாலு வரி. மனுக்கட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

டிரைவர் அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார். “அக்கா, நம்மளை வச்சே அந்தாளு பேர் வாங்கிட்டாரு” என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி டோக்கன்காரர்கள் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் இருந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தப்பு என்மேலதான் தம்பி. தினம் பண்ற வேலையை அங்க போய் மறந்துட்டேன். கும்பலா உள்ள விட்டா டாக்டர் எல்லாரையும் ஒரே பார்வைல அனுப்பிருவாரு. ஒவ்வொருத்தரா விடணும்.”

அதற்கடுத்த குறைகேட்பு நாளுக்கு அவள் கிளினிக்கில் லீவு சொல்லி, தன் இடத்தில் என் அம்மாவை உட்காரவைத்தாள். டாக்டரிடம் கேட்டே பழைய டோக்கன் வில்லைகளைக் கொஞ்சம் எடுத்துவந்தாள். நகராட்சிக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு வில்லையோடு உட்கார்ந்தார்கள். தலைவருக்கு ஆகாத எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மோப்பம் பிடித்து வந்துசேர்ந்தார். இந்தப் பிரச்சினையைத் தன் கையில் கொடுத்தால் கூட்டம் போட்டுக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். பெரியம்மா அவருக்கும் ஒரு டீ சொல்லி, போனில் படம் எடுப்பது மட்டும் அவர் வேலை, வாயைத் திறந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இவர் தலைவரானால் இவருக்கும் ஒரு நாள் டோக்கன் போடவேண்டி வரும் என்று என் காதில் முணுமுணுத்தாள்.

தலைவரின் மாடி ஜன்னல் டீக்கடையைப் பார்த்தபடி இருக்கும். நின்றால் தலை தெரியும். தலை மறைந்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். பெரியம்மா அந்த ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலை மறைந்ததும், “போங்க” என்றாள்.

முதல் டோக்கன் தையல்கார அம்மாவின் மகன். அவனைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு நான் மேலே போய், முகத்தைப் படுபவ்யமாக வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவர் நேரில் வந்திருக்கிறார், படி ஏற முடியாது என்று சொன்னேன். தலைவர் பியூன் அண்ணனை அனுப்பினார். பெரியம்மா டீக்கடையிலிருந்து எழுந்து வந்து அவர் தோளைத் தட்டித் திருப்பி அனுப்பினாள். சுவரில் ‘நானே நேரில்’ என்று இருக்கிறது, பியூன் நேரில் என்று இல்லை. பியூன் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே போனார். தலைவர் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘அப்பாடா’.

பையன் முதலிலிருந்து சொன்னான். நடுவில் தலைவர் “சரிப்பா, புரிஞ்சிருச்சு” என்றார். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. எல்லாவற்றையும் கேட்டு முடித்து அவர் மேலே ஏறி, தலை மறைந்தது. “அடுத்தது” என்றாள் பெரியம்மா.

டிரைவர் அண்ணனின் பையன் கையால் பேசினான். அண்ணன் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். தலைவர் மறுபடி ஏறினார். தலை மறைந்தது. அடுத்தது. முட்டிவலி இருப்பவரை இப்படிப் படியேற்றலாமா என்று எதிர்க்கட்சிக்காரரே நெளிந்தார். அந்த முட்டிவலி பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் பார்த்துத் தெரிந்ததா என்றும் கேட்டார்.

“கிளினிக்ல பாத்ததைச் செத்தாலும் வெளிய சொல்லமாட்டேன். இது மேடையில ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கிறப்ப ஊரே பாத்தது” என்றாள். டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். “வலிக்கட்டும். படி வலிக்கும்னு ஒருத்தர் தெரிஞ்சிக்கிறதுக்கு வேற வழி இல்ல.”

அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் எந்த நல்ல காரியத்திலும் பார்த்ததில்லை.

அதற்குள் மேலே ஒரு யோசனை நடந்திருக்கிறது. அடுத்துப் போனவள் அக்கா. நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். படிக்குக் கீழே பியூன் அண்ணனோடு இன்னும் இரண்டு ஆட்கள் தயாராக நின்றார்கள். நாற்காலியோடு மேலே தூக்கிவரச் சொல்லித் தலைவர் உத்தரவு. ஒருவர் குனிந்து சக்கரத்தைப் பிடித்தார்.

“தொடாதீங்க” என்றாள் அக்கா. அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்கு வேகமாக வந்தது. பிறகு நிதானமாக, “நான்... மூட்டை இல்ல.”

அவர் கையை எடுத்துவிட்டார். பியூன் அண்ணன் தரையைப் பார்த்தார். தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. எதிர்க்கட்சிக்காரரின் போன் தூக்கியபடியே இருந்தது. மேலே ஜன்னலில் தலைவரின் தலை வந்து எல்லாவற்றையும் பார்த்தது. இந்தமுறை அவர் இறங்கி வந்து, இனி ஏற முடியாது என்ற மாதிரி நேராக விருந்தினர் கூடத்துக்குள் போய் சோபாவில் சாய்ந்தார். எல்லாரையும் அங்கேயே வரச்சொன்னார்.

தெருவிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு அக்கா உள்ளே போனாள். அவள் தையல் மெஷின் இருந்த மூலையில் ஒரு பூஜாடி இருந்தது. பின்னாலேயே பெரியம்மாவும் வந்து சுவரோரம் நின்றாள். அக்கா சொல்லத் திணறினால் மீதி வார்த்தையைப் பெரியம்மா சொல்லி முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் அவளைத்தான் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் அக்காவைப் பார்த்தார்.

“இந்த ரூம்ல...” என்றாள் அக்கா. நாங்கள் காத்திருந்தோம். “நான் தைச்சேன். சண்டை... போட்டேன். கேரம்ல எல்லாரையும்... தோக்கடிச்சேன். இப்போ ஜன்னலைப் பாக்குறேன்.” மூச்சு வாங்கினாள். தலைவர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். “இன்னும் முடியல. ரூமைக் குடுங்க. அப்புறம்... என் தலையைத் தடவாதீங்க.”

எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. பழைய கட்டடம், என்ன செய்வது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த மன்றக் கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார். அக்கா தலையாட்டினாள். கை நீட்டி நாற்காலியின் பிரேக்கை ஒரு பக்கம் போட்டாள், மறுபக்கமும் போட்டாள். அதுவரைக்கும் இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். பெரியம்மா வாசலுக்குப் போய் தெருவைப் பார்த்துக் கையசைத்தாள். இந்தமுறை ஒவ்வொருவராக இல்லை. மிச்ச டோக்கன் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தது. தையல்கார அம்மாவின் மகன் தலைவருக்குப் பக்கத்திலேயே சோபாவில் புதைந்து, கதையை முதலிலிருந்து தொடங்கினான்.

அன்று மத்தியானம் அந்தக் கூடத்துக்கு யாரோ பெரிய விருந்தினர்கள் வருவதாக இருந்ததாம். பியூன் அண்ணன் வந்து அதைக் காதில் சொன்னபோது தலைவரின் முகம் போன போக்கைப் பெரியம்மா விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் இரண்டாம் முறை முதலுக்கு வந்தபோது, தலைவர் நகராட்சி மேலாளரைக் கூப்பிட்டு, மையம் பழையபடி கீழே என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்றைக்கிலிருந்து என்று பெரியம்மா கேட்டாள். நாளையிலிருந்து என்றார். நாளைக்கு வாங்க என்று எத்தனை பேரைத் தானே திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு என்றாள்.

எழுந்து போகும்போது தலைவர் ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். சோபாக்கள் கிடங்குக்குப் போகக்கூடாது, மாடியில் தன் அறைக்கு வரவேண்டும். சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறிப்போனார். விருந்தினர்களைத் தன் அறையிலேயே வைத்துச் சமாளிப்பதாகத் திட்டம்.

பியூன் அண்ணனும் அந்த இரண்டு ஆட்களும் பெரிய சோபாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். படி திரும்புகிற இடத்தில் அது சிக்கிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தாண்டுவதற்கு நல்ல முட்டி வேண்டும். சோபாவுக்கு மேலே தலைவரின் தலை மட்டும் தெரிந்தது. விருந்தினர்கள் வந்துவிடுவார்கள், எப்படியாவது எடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே டிரைவர் அண்ணனின் பையன் மாடியிலிருந்த கேரம் பலகையை எப்படியோ முன்பே இறக்கிக்கொண்டு வந்திருந்தான். அக்கா பூஜாடியை எடுக்கச் சொன்னாள், பலகையை இங்கே வை, அங்கே வை, காலுக்கு அட்டை கொடு என்று மேஸ்திரி வேலையில் இறங்கிவிட்டாள். நான் ஒரு காயைக் கைக்குள் மறைத்தேன். “திருடி, வை அதை” என்றாள் உடனே.

பெரியம்மா கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தாள். டீக்கடைப் பையன் கொண்டுவந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து வரும் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டாள்.

“பெரியம்மா, டிரைவர் அண்ணனைக் கூப்பிடட்டுமா? அவரு ஒரு கை குடுத்தா வந்துரும்” என்றேன். பியூன் அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“கூப்பிடலாம்” என்றாள். டம்ளரை ஊதினாள். “பியூன் தம்பியைக் கீழ வந்து டீ குடிக்கச் சொல்லு மொதல்ல. டீ ரொம்ப சூடா இருக்கு. ஆறட்டும்.”